யார் மனையில் நின்று பதில் சொல்வது?

கீழ்வேளூர் வட்டாரத்தில் பாலக்குறிச்சி என்று ஓர் ஊர் இருக்கிறது. பார்ப்பதற்கு விசேஷம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஆய்வாளர்கள் விடாமல் திரும்பத் திரும்ப வந்து எண்ணிப் பார்த்த ஊர்களில் அதுவும் ஒன்று. 1916 வாக்கில் ஒருமுறை, 1937-ல் ஒருமுறை, 1983-ல் ஒருமுறை, 2019-ல் இன்னொரு முறை. நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று வீடு வீடாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பொருளாதாரம் படித்தவர்கள் இதை 'ஸ்லேட்டர் கிராமங்கள்' வரிசையில் ஒன்று என்பார்கள்.

எனக்கு அந்த வட்டாரம்தான். அம்மா நடவு ஆள், அப்பா பண்ணை வேலை. படித்து, புள்ளியியல் துறையில் ஆய்வாளராகச் சேர்ந்து, படிவமும் பேனாவுமாகவே பணிக்காலம் முழுக்க ஓடிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகுதான் எங்கள் பக்கத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதி வைத்த புத்தகங்களை எடுத்தேன். முடிவுரையைப் பற்றி எனக்குப் பெரிய அக்கறை இல்லை. பதில் சொன்னது யார், எங்கே நின்று சொன்னார், பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதைத்தான் தேடினேன். தொழில் புத்தி.

கில்பர்ட் ஸ்லேட்டர் 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்கள் படிப்பதற்காக ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். ஆங்கிலப் பாடநூல் பொருளாதாரத்தை இங்கே ஒப்பிப்பதில் பயனில்லை என்று நினைத்து, மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். அன்றைய தென்னாற்காட்டில் இருவேல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்தில் தூசி, திருநெல்வேலியில் கங்கைகொண்டான், இன்றைய விருதுநகர்ப் பக்கம் வடமலாபுரம், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் பாலக்குறிச்சி. 1918-ல் புத்தகம் வந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய வேலை, சந்தேகமே இல்லை. மாணவர்கள் பெரும்பாலும் தங்களுக்குப் பழக்கமான ஊர்களையே எடுத்துக்கொண்டார்கள். 1916-ல் சென்னைக்குப் போய்ப் பொருளாதாரம் படிக்கிற பையன் எந்த வீட்டுப் பையனாக இருப்பான் என்று சொல்லத் தேவையில்லை. அவன் விடுமுறைக்கு ஊருக்கு வந்து, கையில் காகிதத்தோடு பண்ணையாளைக் கூப்பிட்டு "உனக்குக் கூலி என்ன?" என்று கேட்டால் அந்த ஆள் என்ன சொல்லியிருப்பார்? "சாமிக்குத் தெரியாததா" என்றுதான்.

இந்தப் புத்தகங்களில் கூலி பற்றிய பகுதிகளை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நாளொன்றுக்கு இத்தனை படி நெல், அறுவடையில் இத்தனை மரக்கால் என்று வரும். அம்மா கேட்ட ஒரே கேள்வி: "அது எந்த மரக்காடி?"

பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பது டெல்டாவில் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் களத்தில் நெல்லை உள்ளே அளக்கிற மரக்காலும், கூலிக்கு வெளியே அளக்கிற மரக்காலும் ஒன்றில்லை என்பது சேரிக்குத்தான் தெரியும். உள்ளே அளக்கும்போது தலை கட்டி அளப்பார்கள். கூலிக்கு அளக்கும்போது கட்டைவிரல் உள்ளே போய்விடும், அல்லது மரக்காலே சிறியதாக இருக்கும். மிராசுதாரின் காரியக்காரர் அளப்பார், நின்று வாங்குகிறவர் வாயைத் திறக்க முடியாது. முழுக் கூலி கேட்டு நடந்த போராட்டங்களில் பலவும் இந்த அளவைப் பற்றியவைதான். அட்டவணையில் அது வெறும் ஓர் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. எண் பொய்யில்லை, எழுதியவரும் பொய்யர் இல்லை. அளக்கிற கை யாருடையது என்று கேட்க அந்தப் பட்டியலில் இடமில்லை, அவ்வளவுதான்.

அளவை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. குடிசை நின்ற மண்.

தஞ்சாவூர்ப் பண்ணையாளின் குடிசை மிராசுதாரின் மனையில் நிற்கும். பின்கொல்லையில் போட்ட பூசணிக்கொடியில் பாதிக் காய் அவருக்குப் போகும் என்பாள் அம்மா. வேலைக்கு வரமாட்டேன் என்றால் வீட்டைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அப்படிப்பட்ட வாசலில் நின்றுகொண்டு ஓர் ஆய்வாளர் "உங்கள் முதலாளி எப்படி நடத்துகிறார்?" என்று கேட்கிறார். தன் காலுக்குக் கீழே இருக்கிற தரையே அவருடையது என்னும்போது, பதில் எப்படி வேறு மாதிரி வரும்? குடியிருப்பிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்தது 1961-ல். அந்த மனையே குடியிருப்பவருக்குச் சொந்தம் என்று சட்டம் வந்தது 1971-ல். எங்கள் பக்கத்துக் கிராம ஆய்வுகளைப் படிக்கிறவர்கள் இந்த இரண்டு வருஷங்களையும் பக்க ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு முன்னால் எழுதப்பட்ட 'தொழிலாளர்கள் மனநிறைவோடு இருக்கிறார்கள்' என்ற தொனியிலான எந்த வரியையும் கொஞ்சம் தள்ளி நின்றே படிக்க வேண்டும்.

1951-ல் காத்லீன் கஃப் தஞ்சாவூர் வந்தபோது அவருக்கு 26 வயது. இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, மலபாரில் நாயர் குடும்பங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். தஞ்சாவூரில் இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டார். மேற்கே கும்பப்பேட்டை, கிழக்கே கிரிப்பூர். இரண்டும் அவர் சூட்டிய மாற்றுப் பெயர்கள். வந்த சமயம் சாதாரணச் சமயமில்லை. கர்நாடகத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவ் 1943-ல் வந்து கீழத்தஞ்சையில் விவசாயிகள் சங்கம் கட்டி, தண்டனையாகக் குடிக்க வைத்த சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக ஆட்களை நிமிர வைத்திருந்தார். 1944-ல் மிராசுதார்களோடு மன்னார்குடி ஒப்பந்தம் ஏற்பட்டது. கஃப் களத்தில் இருந்தபோதே, 1952-ல், தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது 6⅔ ஏக்கருக்கு மேல், நிலம் வைத்திருந்த மிராசுதார்களை அது கட்டுப்படுத்தியது. பண்ணையாளை நினைத்தபோது விரட்டக் கூடாது, குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு தர வேண்டும் என்று சொன்னது. பல மிராசுதார்கள் பண்ணையாள் என்ற முறையையே கைவிட்டுத் தினக்கூலிக்கு மாறிக்கொண்டார்கள். சட்டத்துக்குப் பிடிபடாமல் இருக்க அதைவிட எளிய வழி உண்டா?

இவ்வளவும் கண் முன்னால் நடந்துகொண்டிருக்க, 1956-ல் கஃப் வெளியிட்ட முக்கியமான கட்டுரை எதைப் பற்றியது தெரியுமா? ஒரு தமிழ்க் கிராமத்துப் பிராமணர்களின் உறவுமுறை பற்றியது. யாரை யார் கட்டிக்கொள்ளலாம், எந்த மாமனுக்கு என்ன சீர், அப்பனுக்கும் பிள்ளைக்கும் என்ன மனத்தாங்கல். நுணுக்கமான கட்டுரைதான், குறை சொல்ல முடியாது. அன்றைய மானிடவியல் அப்படித்தான் பழக்கியிருந்தது. ஊரை ஒரு கடிகாரம் போல எடுத்துக்கொண்டு, எந்தப் பல் எந்தப் பல்லோடு பொருந்துகிறது என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அதற்குச் சாவி கொடுக்கிறவர் யார் என்ற கேள்வி எழாது.

பிறகு அந்த அம்மாளின் வாழ்க்கை திரும்பிய திசை வேறு. 1962-ல் கியூபா நெருக்கடியின்போது அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் கியூபாவை ஆதரித்துப் பேசினார். நிர்வாகத்தோடு மனக்கசப்பு, வேலையை விட்டு விலகினார். அமெரிக்க உளவுத்துறை அவர் பெயரில் கோப்பு திறந்து வைத்திருந்தது. வியட்நாம் போர்க்காலத்தில் மதிப்பெண் குறைந்த மாணவனைப் படைக்கு இழுக்கிறார்கள் என்பதால், மதிப்பெண் போடுகிற வேலையே வேண்டாமென்று 1967-ல் கணவரோடு கனடா போனார். அங்கே சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் 1969-ல் ஆசிரியர் வேலைநிறுத்தத்தில் நின்றார், அந்த வேலையும் போயிற்று. இதற்கு நடுவே 1968-ல், மானிடவியல் ஏகாதிபத்தியத்தின் பிள்ளை என்று தன் துறையையே கூண்டில் நிறுத்திய கட்டுரையை எழுதினார்.

1976-ல் மறுபடி அதே இரண்டு ஊர்கள். 1981-ல் வந்த பெரிய புத்தகத்தில் பேசப்படுவது பெரும்பாலும் 1951 முதல் 1953 வரை எடுத்த குறிப்புகள். அதே நோட்டுப் புத்தகம், அதே ஊர். ஆனால் இப்போது அதிலிருந்து நிலவுடைமையும் வாரமும் கூலியும் கடனும் வெளியே வருகின்றன. யார் உழைப்பை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை வைத்து ஊரையே வேறு வரிசையில் அடுக்கிக் காட்டுகிறார். தரவு தானே பேசும் என்று எங்கள் துறையில் பயிற்சி வகுப்பில் சொல்லுவார்கள். கால் நூற்றாண்டு அலமாரியில் இருந்த தரவு ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த அம்மாள் வந்து வேறு கேள்வி கேட்கிற வரைக்கும்.

ஆந்த்ரே பெத்தேயின் ஊர் திருவையாறு பக்கம். அவரும் மாற்றுப் பெயர்தான் வைத்தார், ஸ்ரீபுரம். பிரெஞ்சுத் தகப்பனுக்கும் வங்காளித் தாய்க்கும் சந்தன்நகரில் பிறந்தவர், எம்.என்.சீனிவாஸின் மாணவர். 1961–62-ல் வந்து தங்கினார். மொத்தம் 349 வீடுகள்: பிராமணர் 92, பிராமணரல்லாதார் 168, ஆதிதிராவிடர் 89. அவர் தங்கியது அக்ரஹாரத்தில், ஒரு பிராமணர் வீட்டில். உடையும் தோற்றமும் தங்கிய இடமும் சேர்ந்து தன்னை ஊர் பிராமணப் பக்கத்து ஆளாகவே பார்த்தது, அதனால் மற்ற இரண்டு பகுதியினரிடமும் தனக்கு நெருக்கம் குறைவு என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். இதற்காக எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. எத்தனையோ பேர் இதைச் சொல்லாமலேயே போயிருக்கிறார்கள்.

1965-ல் வந்த அவர் புத்தகம் சொல்வது இது: முன்பு சாதி, நிலம், அதிகாரம் மூன்றும் ஒரே கையில் இருந்தன, இப்போது பிரிகின்றன. பிராமணர்கள் நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்குப் போகிறார்கள். பஞ்சாயத்தும் கட்சியும் பிராமணரல்லாதார் கைக்குப் போகின்றன. உண்மைதான். அக்ரஹாரத்துத் திண்ணையிலிருந்து பார்த்தால் அந்த வருஷங்களில் அதுதான் பெரிய செய்தி. கை விட்டுப் போவது அங்கிருந்து நன்றாகவே தெரியும். அந்த 89 வீடுகளிலிருந்து பார்த்தால்? அதிகாரம் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போயிருக்கிறது, தங்கள் தெருப் பக்கம் திரும்பவில்லை. அந்த வருஷங்களைப் பற்றிக் கேட்டால் அம்மா ஆள் பெயரை மாற்றி மாற்றிச் சொல்லுவாள், செய்த வேலையை மாற்றிச் சொன்னதில்லை.

ஸ்ரீபுரம் புத்தகம் வந்து மூன்று வருஷத்தில் கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டதற்காகவும் செங்கொடி ஏந்தியதற்காகவும், குடிசைக்குள் அடைபட்டு 44 பேர் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பாலக்குறிச்சியும் அதுவும் ஒரே வட்டாரம். கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்களை 1973-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற பொருளில் தீர்ப்பு அமைந்தது. சாட்சி சொன்னவர்களின் வார்த்தையை ஒரு காரின் கௌரவம் தோற்கடித்தது.

அந்தச் சம்பவத்தை விசாரித்து எழுதியவர்களில் மைதிலி சிவராமன் முக்கியமானவர். நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் ஆராய்ச்சி உதவியாளர் வேலையை விட்டுவிட்டு 1968-ல் திரும்பி வந்தவர். வெண்மணிக்கே போய் மக்களிடம் கேட்டார். கூலித் தகராறு எப்படித் தொடங்கியது, மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கம் எப்படி இயங்கியது, போலீஸ் எந்தப் பக்கம் நின்றது என்று வரிசையாகக் கோர்த்தார். தீர்ப்புக்குப் பிறகு 1973-ல் ஆங்கில வார இதழில் அவர் எழுதிய கட்டுரையை நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் படித்தேன். படிவம் இல்லை, அட்டவணை அதிகம் இல்லை. ஆனால் இன்னார் இன்னாரை ஏன் அடிக்க முடிகிறது என்பதற்கு அதில் விடை இருக்கிறது. அதை ஆராய்ச்சி என்று ஒப்புக்கொள்ளாத பேராசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பாடு.

சேரிக்குள் போனால் மட்டும் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். செங்கல்பட்டுப் பக்கம் ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு பேர் ஆராய்ந்தார்கள். ஜோன் மெஞ்சர் 1974-ல், சாதியைத் தலைகீழாகத் திருப்பி அடியிலிருந்து பார்த்தால் அது சுரண்டலுக்கு வசதியான ஏற்பாடு, ஏழைகள் ஒன்று சேராமல் தடுக்கிற ஏற்பாடு என்று எழுதினார். மைக்கேல் மொஃபட் 1979-ல், தாழ்த்தப்பட்ட மக்களையே நடுவில் வைத்து ஆராய்ந்து, அவர்களும் தங்களுக்குள் அதே மேல்-கீழ் அமைப்பைப் படி எடுத்து வைத்திருக்கிறார்கள், ஆகவே அந்த ஒழுங்கை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்றார். மொஃபட் கண்டதில் பொய்யில்லை. வண்ணாரும் வெட்டியானும் எங்களுக்குக் கீழே என்று சொல்கிற கிழவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருவன் தனக்குக் கீழே ஒருவனை வைத்துக்கொள்வதும், தனக்கு மேலே இருப்பவனை மனசார ஒப்புக்கொள்வதும் ஒன்றா? நேரே கேட்டால் "அது அப்படித்தானுங்க" என்று வரும். நடவு வயலில், காரியக்காரர் காதுக்கு எட்டாத தூரத்தில், பெண்கள் பாட்டிலும் ஏச்சிலும் மிராசுதாரை என்ன பாடு படுத்துவார்கள் என்பது எந்த அத்தியாயத்திலும் வந்ததாக நினைவில்லை.

பெண்கள் என்றதும் எங்கள் துறையின் சமாசாரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பேர் உழைப்பவர்கள். 1971-ல் அது பாதியாக விழுந்தது. பத்து வருஷத்தில் உழைக்கும் பெண்களில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காரவில்லை. 'முதன்மையான செயல் என்ன' என்று கேள்வியை மாற்றினார்கள். விடிகாலையில் சோறாக்கிவிட்டு நடவுக்குப் போய், மத்தியானம் திரும்பி மாட்டைக் கவனிக்கிறவளின் முதன்மைச் செயல் வீட்டு வேலை என்று கணவர் சொன்னார், எழுதுகிறவர் எழுதினார். அம்மா அந்தக் கணக்கில் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஊகிக்க முடியும்.

அடங்கல் என்கிற கிராமப் பயிர்க் கணக்கிலும் இதே கதை. வாய்மொழிக் குத்தகைக்கு நிலம் உழுகிறவர் பெயர் அதில் ஏறுவதில்லை, உடையவர் பெயர்தான் இருக்கும். குத்தகைதாரரைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் உண்டு. பதிவு கேட்டால் அடுத்த பருவம் நிலம் கிடைக்காது என்பது உழுகிறவருக்குத் தெரியும், கேட்க மாட்டார். அறுவடைப் பரிசோதனைக்காக ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி அறுத்து எடை போடுவோம். விளைச்சல் சரிந்து இழப்பீடு வந்தால் அது சென்னையில் குடியிருக்கிற ஒருவர் கணக்கில் ஏறும். விதையும் உரமும் வட்டிக்கு வாங்கிப் போட்டவர் வரப்பில் நின்று நாங்கள் எடை போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் கேட்க எங்கள் தாளில் எதுவும் கிடையாது. கிராம நிர்வாக அலுவலரிடம் இதைப் பேசினால், "எனக்குத் தெரியாதா மேடம், எழுத வழி இருந்தா எழுத மாட்டேனா" என்பார். அதுவும் நிஜம்.

2019-ல் பாலக்குறிச்சிக்கும் வெண்மணிக்கும் சேர்ந்தே ஓர் ஆய்வுக்குழு போனது. நிலம், கூலி, வீடு, படிப்பு எல்லாவற்றையும் சாதிவாரியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள், பெண்கள் வேலையையும் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். ஸ்லேட்டர் காலத்துப் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் கேள்விகள் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கின்றன என்பது விளங்கும். அடுத்து போகிறவர்களுக்கு என்னிடம் சில சொந்தக் கட்டங்கள் உண்டு. வாரக்கடன் வசூலிக்கிறவர் எந்தக் கிழமை வருகிறார், அன்றைக்கு யார் வீட்டில் இருப்பதில்லை. நடவு இயந்திரம் வந்த பிறகு நடவாட்கள் எங்கே போனார்கள். கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் நிற்கிற வீடுகள் எத்தனை, அவற்றுக்கு வாடகை கட்டுவது யார். கூரையா ஓடா தளமா என்று கேட்டு முடித்ததும், அடியில் இருக்கிற மனை யார் பெயரில் என்று கேட்க வேண்டும்.

எங்கள் குடிசைக்கு மனைப்பட்டா எழுபதுகளின் கடைசியில் வந்தது. சங்கத்துக் கூட்டத்துக்கு நடந்ததும், தாலுகா ஆபீஸ் வாசலில் கூலியை விட்டுக் காத்துக்கிடந்ததும் அம்மா. பட்டா அப்பா பெயரில் வந்தது. அதற்கும் ஒரு கட்டம் போட வேண்டும்.